ஐப்பசி மாதச் சிங்கப்பூருக்கு எள்ளுருண்டையா, பாசிப்பயறுச் சுண்டலா?

அக்டோபர் வந்தாலே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் உடம்பைச் சமநிலையில் வைத்திருக்க ஆயுர்வேதம் சொல்லும் தின்பண்டங்கள், பானங்கள் என்று தலைப்பு இருக்கும். உள்ளே மஞ்சள் பால், எள்ளுருண்டை, நெய்யில் வறுத்த முந்திரி, பேரீச்சம்பழ உருண்டை, பட்டை போட்டு வேகவைத்த ஆப்பிள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு சுற்று சுற்றினால் இவை எல்லாமே கிடைத்துவிடும். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இந்த மாதங்களில் அந்தப் பட்டியலைவிட நவராத்திரிச் சுண்டலும் மல்லி தூக்கலாகப் போட்ட சுக்குமல்லிக் காப்பியும்தான் பொருத்தம். காரணம் தெரிந்துவிட்டால், நான் சொல்லாத பண்டங்களையும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியல் எந்த ஊருக்கு?

அது அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களின் இலையுதிர்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே அக்டோபர் என்றால் குளிர்ந்த வறண்ட காற்று, உதட்டில் வெடிப்பு, தோலில் சுருக்கம். வறட்சி, குளிர்ச்சி, இலேசு, ஓயாத அசைவு ஆகிய நான்கும் வாதத்தின் குணங்கள் என்று ஆயுர்வேதம் சொல்கிறது. அதற்கு மாற்றாகச் சூடும் நெய்ப்பும் கனமும் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறார்கள். எள், நெய், பால், முந்திரி போன்ற கொட்டைப் பருப்புகள் எல்லாம் பட்டியலுக்குள் வந்தது இப்படித்தான். அந்த ஊருக்கு அது சரியான யோசனை.

ஆனால் இந்தியாவில் எழுதப்பட்ட மூல நூல்கள் இதே மாதங்களுக்கு வேறு கதை சொல்கின்றன. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கும் கணக்கில், ஏறத்தாழ செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை சரத் காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்ற தமிழ்க் கணக்கு இதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. மழைக்காலத்தில் உடம்பில் மெல்லச் சேரும் பித்தம், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கிளர்ந்து எழும் என்பது அந்த நூல்களின் கருத்து. சித்த மருத்துவமும் கூதிரில் பித்தம் மிகும் என்றே சொல்கிறது.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில் பருவ ஒழுக்கத்துக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. சரத்துக்கு அது சொல்வது இனிப்பு, கசப்பு, துவர்ப்புச் சுவைகள். நன்றாகப் பசித்த பிறகு இலேசான உணவு. பொருள்களின் பெயரையும் சொல்கிறது: நல்ல அரிசி, பாசிப்பயறு, நெல்லிக்காய், தேன், சர்க்கரை, பேய்ப்புடல். விலக்கச் சொல்பவை தயிர், எண்ணெய், கொழுப்பு, வயிறு முட்டத் தின்பது, வெயிலில் நிற்பது, பகல் தூக்கம்.

ஆக, ஒரே மாதத்துக்கு ஒரே மருத்துவ மரபின் பெயரில் இரண்டு பட்டியல்கள். ஒன்று எண்ணெய்ப் பசையை அள்ளிக் கொடுக்கிறது, இன்னொன்று அதைத்தான் தள்ளி வைக்கிறது. எது நமக்கு என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் நீளம் பத்து நிமிடம்கூட மாறாது. வடக்கே இலையுதிர்காலம் தொடங்குகிறது என்கிற செப்டம்பர் 20ஐ ஒட்டித்தான் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காற்று அடங்கிவிடும், பகலில் பல நாள் 32 பாகையைத் தாண்டும், பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். புழுக்கம், வெயில், மழை, மறுபடியும் புழுக்கம். இதில் வறண்ட குளிர் எங்கே? நூல்கள் சொல்லும் சரத்தின் சூட்டுக்குத்தான் இது பக்கத்தில் வருகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, சிறியதும் இல்லை. நம்மில் பலர் பகலில் எட்டு, ஒன்பது மணி நேரம் குளிர்சாதன அறையில் இருக்கிறோம். அந்த அறைக்குள் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கிறது, கண் எரிகிறது, தோல் வெளுக்கிறது. மத்தியானம் சாப்பிட வெளியே வந்தால் வெயில். ஒரே உடம்பு ஒரே நாளில் இரண்டு பருவங்களைத் தாண்டுகிறது. அதனால் அந்த வடக்கத்திப் பட்டியலை முழுக்க வீசிவிடவும் முடியாது. யாருக்கு, எந்த நேரத்துக்கு என்று பார்த்து எடுக்க வேண்டும்.

வாதம், பித்தம் என்பவை இரத்தப் பரிசோதனையில் அளக்கிற பொருள்கள் அல்ல. பருவத்தையும் வயிற்றையும் தலைமுறைகளாகக் கவனித்தவர்கள் வைத்துவிட்டுப் போன கணக்காக நான் அதை மதிக்கிறேன். கூடவே சர்க்கரை, நார்ச்சத்து, கொழுப்பு என்ற இன்றைய தராசிலும் நிறுத்துகிறேன். இரண்டிலும் தேறினால்தான் வீட்டுக்குள் வர வேண்டும். 2010 தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7. இந்த எண்ணிக்கையைக் கண்ட பிறகு, "மூலிகை" என்ற பெயரில் வரும் இனிப்பை அப்படியே நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

குடிப்பதற்கு எது?

சரத்துக்கு நூல்கள் சிறப்பாகச் சொல்லும் பானம் வெறும் தண்ணீர்தான். பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, இரவில் நிலவில் குளிர்ந்து, அகத்திய விண்மீன் உதித்ததால் நஞ்சு நீங்கிய தெளிந்த நீர். அதற்கு ஹம்ஸோதகம் என்று பெயர். நமக்குக் குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்ததாக வருவதால் விண்மீனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் கருத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளலாம்: இந்தப் பருவத்தில் முதல் பானம் தெளிந்த தண்ணீர், பனிக்கட்டி போட்டதும் கொதிக்கக் கொதிக்க இருப்பதும் அல்லாத தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற வைத்தால் வயிறு உப்புவதற்கும் நல்லது. காலையில் அலுவலகத்துக்கு ஒரு புட்டி நிறைய எடுத்துப் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றவை எல்லாம் இதற்கு மேல் ஒரு கோப்பைதான்.

அந்த ஒரு கோப்பைக்குத்தான் போட்டி. சுக்குமல்லிக் காப்பி, தே ஹாலியா என்கிற இஞ்சித் தேநீர், மஞ்சள் பால் மூன்றும் மழை மாலையில் ஒருசேர ஆசை காட்டும்.

சுக்குமல்லியில் எனக்குப் பிடித்தது, ஒன்றை ஒன்று கட்டிவைக்கும் அதன் கணக்கு. சுக்கு சூடு, மல்லி விதை குளிர்ச்சி. ஊரில் மார்கழிக் குளிருக்குப் போடும் கலவையில் சுக்கும் மிளகும் தூக்கலாக இருக்கும். இங்கே ஐப்பசிக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும்: நான்கு பங்கு மல்லி, ஒரு பங்கு சுக்கு, மணத்துக்கு இரண்டு ஏலக்காய், மிளகு வேண்டவே வேண்டாம். மல்லியை இலேசாக வறுத்துப் பொடித்தால் பால் இல்லாமலே காப்பிக்குரிய கனம் வந்துவிடும். கருப்பட்டி போடலாம், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேன் போடுகிறவர்கள் நன்றாக ஆறிய பிறகு போட வேண்டும். தேனைச் சூடாக்கக் கூடாது என்பதில் ஆயுர்வேதம் மிகவும் கண்டிப்பு.

தே ஹாலியா கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, இஞ்சியும் நல்ல சரக்கு. சிக்கல் அதில் ஊற்றும் பால்தான். இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. சிங்கப்பூரில் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரமிடும் நியூட்ரி-கிரேட் குறியீடு 2022 டிசம்பர் 30 முதல் வந்தது, ஓராண்டு கழித்து உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் விரிந்தது. அதன்படி 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசிப் படியான 'டி'. 5 கிராமைத் தாண்டினாலே 'சி'. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 'தே ஓ ஹாலியா கோசோங்' என்று சொல்லுங்கள். பாலும் கிடையாது, இனிப்பும் கிடையாது, இஞ்சி வாசம் மட்டும் இருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

மஞ்சள் பாலை நான் கடைசியில்தான் வைப்பேன். மஞ்சள் சூடு, பால் கனம், அதன்மேல் மிளகு. வறண்ட குளிரில் இது அருமருந்து. புழுங்கும் இரவில், ஒன்பது மணிக்குச் சோறு சாப்பிட்ட வயிற்றில் இதையும் ஊற்றினால் காலையில் நாக்கில் வெள்ளை படிந்து மந்தமாக இருக்கும். நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் இருந்து தொண்டை வறண்டவர், இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அரைக் கோப்பை குடிக்கலாம், அதோடு சரி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சமையலில் சேரும் மஞ்சள் வேறு, மாத்திரையாக விற்கும் மஞ்சள் சாறு வேறு. மாத்திரை வடிவில் அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மஞ்சளையோ இஞ்சியையோ பெரிய அளவில் தொடங்கும் முன் பலதுறை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் மோர். நம் வீடுகளில் மோர் என்றால் குளிர்ச்சி. நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. மோர் இலேசானது, துவர்ப்பானது, பசியைத் தூண்டுவது, தன்மையில் சூடு என்று சொல்லி, குளிர்காலத்துக்கும் மந்த வயிற்றுக்கும் அதைப் புகழ்கின்றன. வெயில் காலத்தில் தவிர்க்கவும் சொல்கின்றன. தயிரையோ சரத்தில் நேராகவே விலக்குகின்றன. அதே நூல்கள் இன்னொரு நுணுக்கமும் சொல்கின்றன: புளித்த மோர் வாதத்துக்கு, புளிக்காத இனிய மோர் பித்தத்துக்கு. இங்கேதான் வழி கிடைக்கிறது. அன்று உறைந்த தயிரில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, நன்றாகக் கடைந்து, ஒரு பெரிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி அரைத்துச் சேருங்கள். பச்சை மிளகாய் வேண்டாம், கறிவேப்பிலையும் துளி உப்பும் போதும். மத்தியானச் சாப்பாட்டோடு இந்த நெல்லிக்காய் மோர் ஒரு தம்ளர் குடித்தால் அதற்கு மேல் பானம் தேட வேண்டாம். காலையில் உறைந்து மாலையில் புளித்துப்போன தயிர் என்றால் அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வெப்பத்தில் தயிர் எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இளநீரும் பார்லித் தண்ணீரும் இந்தப் பருவத்துக்குப் பொருந்துகிறவைதான். வெயிலில் வேலை செய்கிறவருக்கு இளநீர் முதல் தேர்வு. அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. பார்லியை வீட்டில் காய்ச்சுங்கள், கடைப் பார்லியில் சர்க்கரை தாராளம்.

கொறிப்பதற்கு எது?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, பாசிப்பயறுச் சுண்டல்தான். மேலே சொன்ன சரத் பட்டியலில் பாசிப்பயறு பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. நவராத்திரி வருவதும் அந்தப் பருவத்தில்தான். ஒன்பது நாளும் வீடுகளிலும் கோயில்களிலும் அவித்த பயறு கொடுப்பது பருவத்தோடு எவ்வளவு அழகாகச் சேர்ந்து நிற்கிறது பாருங்கள். புரட்டாசி முழுவதும் சைவமாக இருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அது தெரியும். அவர்களுக்குப் புரதத்துக்கும் இதுவே வழி. வேகவைத்த பாசிப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் இருக்கின்றன, கலோரி 105 அளவுதான்.

பயறு வகைகளில் வாயு குறைவாக உண்டாக்குவது பாசிப்பயறு என்பது ஆயுர்வேதத்தின் கருத்து. கொண்டைக்கடலை அப்படியில்லை. அதைச் செய்தால் பெருங்காயமும் இஞ்சியும் கட்டாயம். பாசிப்பயற்றை நான்கைந்து மணி நேரம் ஊற வையுங்கள், இரவு முழுக்க வைப்பதானால் குளிர்பதனப் பெட்டிக்குள். வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரே ஒரு வற்றல் மிளகாய் தாளித்து, இறக்கிய பிறகு தேங்காய்ப்பூ தூவினால் போதும். மாங்காயும் எலுமிச்சையும் இந்த இரண்டு மாதம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், புளிப்பு பித்தத்தைக் கூட்டும். முளைகட்டிய பயற்றைப் பச்சையாகத் தின்பது நாகரிகமாகிவிட்டது. பலருக்கு அது வயிற்றை உப்ப வைக்கிறது. வேகவைத்ததே மேல்.

எள்ளுருண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். தோல் நீக்காத எள் 100 கிராமில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் எள்ளில் பாதி எண்ணெய். தன்மையில் சூடு, கனம், பித்தத்தைக் கூட்டும். அதனால் இந்த மாதங்களில் அது தினசரிப் பண்டம் ஆக முடியாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்தே இருக்கிறவர், கை கால் குளிர்ந்து தோல் வறள்கிறது என்றால், பிற்பகலில் சுண்டைக்காய் அளவில் ஒன்று சாப்பிடலாம். வெயிலில் அலைகிறவருக்கும் வாய்ப்புண் அடிக்கடி வருகிறவருக்கும் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேரீச்சம்பழம் இரண்டு பட்டியலுக்கும் ஒத்துவரும். அது இனிப்பு, குளிர்ச்சி, வாதத்தையும் பித்தத்தையும் ஒருசேர அடக்கும். தடுக்கி விழுவது இரண்டாவது தராசில். மெஜூல் வகையில் 24 கிராம் எடையுள்ள ஒரு பழத்தில் 16 கிராம் சர்க்கரை. இரண்டு தின்றால் எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான உலர் திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் தின்பது நல்லது. திராட்சை பித்தத்துக்கு நூல்கள் கொண்டாடும் பழம். நீரிழிவு இருந்தால் இரண்டையும் விட்டு நெல்லிக்காய் பக்கம் போங்கள்.

அவசரத்துக்கு வெளியே வாங்குவதானால் பொரியும் பொட்டுக்கடலையும், இல்லையென்றால் காச்சாங் பூத்தே என்கிற கடலை வகைகள். சினிமாக் கொட்டகை வாசல்களில் காகிதக் கூம்பில் இதை விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான், நம் பண்டம் என்றே சொல்லலாம். அதில் அவித்த கடலையைக் கேட்டு வாங்குங்கள். பொரித்ததும் சர்க்கரை பூசியதும் வேண்டாம். மக்கானா என்ற பெயரில் வரும் அல்லிக் குடும்ப விதைப் பொரி இலேசானதுதான், ஆனால் பொட்டலத்தின் பின்னால் உப்பின் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தீபாவளிப் பலகாரம் என்ன ஆவது? முறுக்கும் அதிரசமும் சரத்துக்கு விலக்கிய எண்ணெயில்தான் வேகின்றன, வயிறு முட்டத் தின்பதும் அன்றுதான் நடக்கிறது. பண்டிகையை விடச் சொல்ல நான் யார். நம் பாட்டிமார் அதற்கு வழி செய்துதான் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் குளியல் முடித்து வந்ததும் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு தீபாவளி லேகியம். சுக்கு, ஓமம், திப்பிலி, மல்லி, வெல்லம், நெய் எல்லாம் சேர்ந்த அந்த உருண்டை அன்றைய பாரத்தைச் செரிக்க வைப்பதற்கானது. அதை ஒரு வாரத்துக்கு நீட்ட வேண்டாம். காரமும் வெல்லமும் நெய்யும் ஒன்றாக இருக்கும் பண்டம் அது, தினமும் தின்னும் தின்பண்டம் அல்ல. கடையில் வாங்குகிறவர்கள் உணவாக விற்கும் லேகியத்தோடு நின்றுகொள்ளுங்கள். பஸ்பம், செந்தூரம் சேர்ந்தவற்றைப் பெயர் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். கன உலோகம் கலந்த மரபு மருந்துகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. அதிமதுரம் சேர்ந்த தொண்டை மருந்துகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது, அழுத்தத்தை அது மேலும் ஏற்றும்.

உங்கள் வீட்டுக்கு

கட்டுமானத்திலோ உணவு விநியோகத்திலோ வெயிலில் உழைப்பவர் இருந்தால், சீரகத் தண்ணீர், இளநீர், பாசிப்பயறுச் சுண்டல். சுக்குமல்லிகூட மழையில் நனைந்த அன்று மட்டும். அலுவலகத்தில் இருக்கிறவருக்கு மத்தியானம் நெல்லிக்காய் மோர், நான்கு மணிக்குச் சுண்டல், வீடு திரும்பியதும் சுக்குமல்லி, குளிர் தாங்கவில்லை என்றால் ஊறவைத்துத் தோல் உரித்த நான்கு பாதாம். பல் தேய்ந்த வயதானவர்களுக்குச் சுண்டலைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள், அல்லது பாசிப்பருப்பைக் கஞ்சியாக. பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால் நொறுக்குப் பொட்டலத்தின் பக்கம் கை போகாது, தேங்காய் கொஞ்சம் கூடுதலாகத் தூவினால் போதும்.

நவம்பர் பிற்பகுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் சோலுக்கோ தோக்கியோவுக்கோ கிளம்புகிறவர்கள் இருக்கிறீர்கள். அந்த வடக்கத்திப் பட்டியல் உங்களுக்குத்தான். அங்கே காற்று உண்மையிலேயே குளிர்ந்து வறண்டு கிடக்கும். எள்ளுருண்டையைப் பெட்டியில் வையுங்கள், மஞ்சள்தூளும் மிளகும் ஒரு சிறு பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள், இரவில் விடுதி அறையில் பாலைச் சுட வைத்துக் குடியுங்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய மறுநாள் பழையபடி சீரகத் தண்ணீருக்கு வந்துவிடலாம்.